கரோக்கே: டிராக்குக்கு ஏற்ற குரலா, குரலுக்கு ஏற்ற டிராக்கா?

எங்கள் குடியிருப்பில் மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை அசோசியேஷன் ஹாலில் கரோக்கே நடக்கும். ஒரு பார்ட்டி ஸ்பீக்கர், ரெண்டு கார்ட்லெஸ் மைக், வரிகள் ஓட ஒரு பழைய டிவி, தெருமுனைக் கடையிலிருந்து மசால் வடை. வருகிறவர்கள் பதினைந்து பேருக்குள். யாரும் முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் இல்லை. ஐந்து வருடமாக நானும் போகிறேன். இத்தனை நாளில் அங்கே ஒருவர்கூட இன்னொருவரிடம் "நல்லா இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சுருதி விலகினால் "சூப்பர் சார்". தாளம் தப்பினால் "ஃபீல் வந்துச்சு". பாதியில் நின்றுபோனால் அதற்கும் கைதட்டல்.

இது நல்லதா கெட்டதா? போன வருடம் வரை என்னிடம் ஒரு தெளிவான பதில் இருந்தது. பொய்ப் பாராட்டு யாரையும் வளர்க்காது என்பது அந்தப் பதில். அது பாதிதான் சரி என்று தெரிந்துகொண்ட கதையையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம்

ஜப்பானிய மொழியில் 'கரா' என்றால் காலி. 'ஓக்கே' என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். பாடகர் இல்லாத இசைக்குழு. 1967-லேயே டோக்கியோவில் ஷிகெய்ச்சி நெகிஷி இப்படி ஒரு பெட்டியைச் செய்திருக்கிறார். ஆனால் பரவலாகப் பேசப்படுவது 1971-ல் கோபே நகரத்தில் டைசுகே இனோவே செய்த காசு போட்டால் பாடும் இயந்திரம்தான். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதுவழி காட்டினார் என்று 2004-ல் அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். கிண்டல் கலந்த பரிசு, ஆனால் காரணம் பொருத்தமானது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இயந்திரத்துக்கு முன்னால் நடந்த ஒரு சின்னச் சம்பவம். இனோவே மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட, கூட வாசிக்கிற ஆள். ஒரு கம்பெனி முதலாளி, சுமாராகக்கூடப் பாட வராதவர், இனோவே வாசித்தால் மட்டும் பாடுவார். ஏனென்றால் இனோவே அவருடைய சுருதிக்கும் இழுவைக்கும் வளைந்து கொடுத்து வாசிப்பார். அந்த முதலாளி ஒரு வெளியூர்ப் பயணத்துக்குக் கூப்பிட்டபோது இனோவேயால் போக முடியவில்லை. அவர் பாடும் விதத்துக்குத் தோதாக வாசித்து டேப்பில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார்.

அதாவது கரோக்கேயின் வித்து, ஒரு மோசமான பாடகருக்காக அளவெடுத்துத் தைத்த இசை. இன்றைக்கு நாம் யூடியூபில் இறக்கிப் போடும் டிராக் அதற்கு நேர் எதிர். அது எஸ்.பி.பி.க்கோ ஜானகிக்கோ தைத்த சட்டை. அதில் நம் உடம்பை நுழைக்கப் பார்க்கிறோம்.

பாட்டுப் புத்தகம் செய்யாத தப்பு

அப்பா தலைமுறைக்குக் கரோக்கே கிடையாது, பாட்டுப் புத்தகம் இருந்தது. சில பைசாவுக்குத் தியேட்டர் வாசலில் கிடைக்கும். முன்பக்கம் கதைச்சுருக்கம், மீதி வெள்ளித்திரையில் என்று முடியும். அப்புறம் பாட்டு வரிகள். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கட்டு இருந்தது, கரையான் தின்றது போக. அந்தப் புத்தகத்தில் சுருதி கிடையாது, தாளம் கிடையாது. வரி மட்டும்தான். அதனால் படித்தவர் தனக்கு எது வாய்க்குமோ அந்தச் சுருதியில் பாடிக்கொண்டார். கிணற்றடியில் பாடியவருக்கும் சைக்கிளில் பாடியவருக்கும் தொண்டை நோகவில்லை.

டிராக் வந்ததும் இந்தச் சுதந்திரம் போய்விட்டது. பஜனைப் பாட்டு, கும்மிப் பாட்டு எல்லாம் ஊரே சேர்ந்து பாடுவதற்காக உருவானவை, பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். பின்னணிப் பாட்டு அப்படியல்ல. ஒரு தொழில்முறைக் குரல் எங்கே மின்னும் என்று பார்த்து, இசையமைப்பாளர் அங்கே ஏற்றி எழுதியது. நாம் அதைக் கேட்கவேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. நாம் பாடவேண்டும் என்பது இல்லை.

எங்கள் ஹாலில் அடிக்கடி கேட்கும் மூன்று பாட்டை வைத்து இதைப் பார்க்கலாம்.

'மண்ணில் இந்தக் காதல்' (கேளடி கண்மணி, 1990). இதைத் தேர்ந்தெடுப்பவர் பாட வருவதில்லை, மூச்சடக்க வருகிறார். சரணம் தொடங்கியதும் ஹாலே நிமிர்ந்து உட்காரும். முடிந்ததும் விசில். ஆனால் அந்த நேரத்தில் அவர் மனசு முழுக்க நுரையீரலில் இருப்பதால் சொல்லில் ஒரு கனிவும் இருக்காது. ஸ்டுடியோவில் நிறுத்திப் பதிவு செய்து ஒட்டும் வசதி உண்டு. அசோசியேஷன் ஹாலில் கிடையாது. இது ஒரு நல்ல காதல் பாட்டு என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

'இளைய நிலா' (பயணங்கள் முடிவதில்லை, 1982). இது வேறு வகைப் பொறி. மென்மையாகக் கேட்பதால் சுலபம் என்று நினைத்துவிடுகிறோம். இளையராஜா முதல் இடையிசையையும் இரண்டாவது இடையிசையையும் பொதுவாக ஒரேமாதிரி அமைப்பதில்லை. அதனால் முதல் சரணத்தில் சரியாக நுழைந்தவர் இரண்டாவதில் தடுமாறுவார். இன்னொன்று, இடையிசை நேரத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. படத்தில் அந்த நேரத்துக்கு மோகன் இருக்கிறார், கேமரா இருக்கிறது. இங்கே நீங்களும் மைக்கும் மசால் வடை வாசனையும்தான்.

'மயக்கமா கலக்கமா' (சுமைதாங்கி, 1962). பி.பி. ஸ்ரீநிவாஸ் குரலை உயர்த்தாமல், தனக்குத்தானே பேசுவதுபோல் பாடியது. எங்கள் குழுவில் யார் பாடினாலும் ஓரளவு நன்றாக வருவது இதுதான். கைதட்டல் மட்டும் கொஞ்சம் குறைவாக விழும். சாகசத்துக்கு விழும் கைதட்டல் பொருத்தத்துக்கு விழுவதில்லை. எங்கள் குழுவின் மேல் எனக்குள்ள முதல் விமர்சனம் இது.

நான் செய்த கிராஃப்

இப்போது அந்தக் கதை. எழுபதைத் தாண்டிய சார் ஒருவர் வருவார். வாரம் முழுக்க அவர் வீட்டைவிட்டு இறங்குவது பால் வாங்கவும் இதற்கும்தான். இரண்டு வருடமாக ஒரே டி.எம்.எஸ். பாட்டு. மேலே ஏறும் இடத்தில் குரல் எட்டாது, கழுத்து நரம்பு புடைக்கும். நாங்கள் எல்லோரும் "சூப்பர் சார்".

எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டர்காரன் புத்தி. போனில் பதிவு செய்து, பைத்தானில் ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி, அவர் சுருதியையும் ஒரிஜினல் பாட்டின் சுருதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தேன். நீலக் கோடு டி.எம்.எஸ்., சிவப்புக் கோடு இவர். ஒரு அரைச்சுரம் என்றால் நூறு சென்ட். மேல் ஸ்தாயியில் இவர் பல இடங்களில் எழுபது எண்பது சென்ட் கீழே. அடுத்த சனிக்கிழமை வடை சாப்பிடும்போது காட்டினேன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அப்படியா, நல்லது தம்பி" என்றார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று தடவை அவர் வரவில்லை. லிஃப்டில் பார்த்துக் கேட்டதற்கு, "தொண்டை சரியில்லப்பா" என்றார்.

பி பிளாக்கில் ஒரு அக்கா இருக்கிறார், சின்ன வயதில் சர்ச் கொயரில் பாடியவர். விஷயம் தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "தப்புன்னு கண்டுபிடிச்சீங்க, சரி. எப்படிப் பாடணும்னு சொன்னீங்களா தம்பி?"

என்னிடம் பதில் இல்லை.

அக்கா செய்தது ரொம்ப எளிமையான வேலை. சாரை வீட்டுக்குக் காப்பிக்குக் கூப்பிட்டு, டிராக் இல்லாமல் அந்தப் பாட்டை முணுமுணுக்கச் சொன்னார். போனில் இருந்த சுருதிப்பெட்டியை வைத்து அவர் இயல்பாக எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். டிராக்கை விட மூன்று அரைச்சுரம் கீழே. டிராக்கில் மைனஸ் மூன்று வைத்தார். வேகம் மாறாமல் சுருதியை மட்டும் இறக்கும் வசதி இன்று பல ஆப்களில் இருக்கிறது. ஒரு பட்டன்.

அந்தச் சனிக்கிழமை சார் பாடினார். அற்புதம் நடந்துவிடவில்லை. பல்லவியில் கீழ் சுரங்கள் கொஞ்சம் கரகரத்தன, ஒரு இடத்தில் தாளமும் விட்டார். ஆனால் மேலே ஏறும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கவில்லை. அங்கே முதன்முறையாக எங்களுக்கு வார்த்தை கேட்டது.

என் கிராஃபில் இருந்த கோளாறு இப்போதுதான் புரிகிறது. ஒப்பிட்ட நீலக் கோடே தப்பு. ஒருவர் தன் சுருதியில் பாடாமல் டி.எம்.எஸ். சுருதியில் திணறுவதை நான் அவருடைய பிழை என்று அளந்தேன். மார்க் போடும் ஆப்களிலும் இதே கோளாறு. சேமித்து வைத்த மெட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டும் பார்ப்பதால், நல்ல கமகத்தைக்கூடச் சில நேரம் பிழை என்று எடுத்துக்கொள்ளும். சொல்லில் உயிர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் "சூப்பர் சார்" சரியா? அதுவும் இல்லை. இரண்டு வருடம் கைதட்டிய பதினைந்து பேரில் ஒருவருக்கும் அந்த மைனஸ் பட்டன் தோன்றவில்லையே. உண்மையில் கேட்டிருந்தால் தோன்றியிருக்கும். பொறுத்துக்கொள்வது வேறு, கேட்பது வேறு. எங்கள் குழு முதலாவதில் கெட்டி, இரண்டாவதில் சுமார். நான் இரண்டாவதைச் செய்வதாக நினைத்து, முதலாவதையும் கெடுத்தேன். இனோவே அந்த முதலாளிக்குச் செய்தது இரண்டும் சேர்ந்தது.

இப்போது எங்கள் ஹாலில் சில பழக்கங்கள் வந்திருக்கின்றன. புதுப் பாட்டு எடுப்பவர் முதலில் டிராக் இல்லாமல் நாலு வரி முணுமுணுத்துக் காட்டவேண்டும், பிறகுதான் சுருதி வைப்போம். டூயட் என்றால் ஒருவருக்காக இறக்கினால் மற்றவர் கிணற்றில் விழுவார், ஆகவே இருவரும் பேசி நடுவில் நிற்கவேண்டும். புளூடூத் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பாடுவது கூடாது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் வரும், நல்ல தாளக்காரரையும் கவிழ்க்கும். பாராட்டுவதென்றால் எந்த இடம் பிடித்தது என்று சொல்லவேண்டும். கடைசி விதிதான் கடைப்பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அதற்குக் காது கொடுத்துக் கேட்டிருக்கவேண்டும்.

சார் இப்போது இரண்டாவதாக ஒரு பாட்டு பழகிக்கொண்டிருக்கிறார். நான் வரும் சனிக்கிழமை 'இளைய நிலா' எடுத்திருக்கிறேன். மைனஸ் ரெண்டு. இடையிசையில் கையை எங்கே வைப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.