கண் தேடாததைக் கழிப்பது

வங்கித் தேர்வுக்கு ஐபிபிஎஸ் விண்ணப்பம் போடுகிற எல்லோரும் ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள். செல்போன் படமோ 4 எம்பி. பிரவுசிங் சென்டரில் இதற்கு இரண்டு விதமான கைகள் உண்டு. ஒருவர் ‘குவாலிட்டி’யை இழுத்து இழுத்து 48 கேபிக்குக் கொண்டுவந்துவிடுவார், முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோயிருக்கும். இன்னொருவர் முதலில் தோள் அளவுக்கு வெட்டுவார், பிறகு விண்ணப்பம் கேட்கிற 200×230 பிக்சலுக்குச் சுருக்குவார், அப்புறம்தான் சேமிப்பார். 40 கேபியில் புருவமும் சட்டைக் காலரும் கலங்காமல் நிற்கும்.

இரண்டாமவர் செய்ததில் மந்திரம் ஏதுமில்லை, கணக்குதான். 4000×3000 பிக்சல் படம், பிக்சலுக்கு 3 பைட் வீதம், சுருக்காத நிலையில் 36 எம்பி. அதை 48 கேபியில் திணிப்பது 750 மடங்கு நசுக்கல். 200×230 படம் சுருக்காமலே 138 கேபிதான். அதை 40 ஆக்க மூன்றரை மடங்கு போதும்.

அளவைக் குறைப்பது ஆரம்பப் பாடம். ரசிக்க வேண்டிய வேலை அதற்கு அப்புறம், ஜேபெக் என்ற படச் சுருக்க முறையின் உள்ளே நடக்கிறது. 1992-ல் தரநிலையாக வந்த இந்த முறை முதலில் படத்தை வெளிச்சம் தனியாகவும் நிறம் தனியாகவும் பிரிக்கிறது. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நம் கண் கூர்மையாகப் பிடிக்கும். நிற விஷயத்தில் அது கொஞ்சம் மந்தம். ஆகவே நிறத்தை மட்டும் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்த ஒரே அடியில் தகவலில் பாதி போய்விடும், பார்ப்பவருக்குத் தெரியாது. 1950-களின் கலர் டிவியும் இதே பலவீனத்தை நம்பித்தான் பிழைத்தது. மாட்டிக்கொள்ளும் இடமும் உண்டு: கறுப்பில் பளீர் சிவப்பு எழுத்து. வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் நிறமே விளிம்பைச் சுமப்பதால், போஸ்டர் எழுத்தின் ஓரம் ஈரத்தில் கசிந்த மாதிரி தெரியும்.

அடுத்து, படம் 8×8 பிக்சல் கட்டங்களாக நறுக்கப்படுகிறது. தம்புராவின் ரீங்காரத்தில் எந்தச் சுரம் எவ்வளவு என்று தேர்ந்த காது பிரித்துச் சொல்வதுபோல, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவான மாற்றம் எவ்வளவு, படபடவென்ற மாற்றம் எவ்வளவு என்று 64 எண்களாகப் பிரிக்கிறார்கள். இதற்கு டிசிடி என்று பெயர். மேகமற்ற வானத்தின் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 64 பிக்சலுக்கும் வெளிச்சம் 180. அதில் 128 கழித்தால் 52. டிசிடி போட்டதும் முதல் எண் 416 ஆகும். மிச்சம் 63-ம் சைபர். அடுத்து ஒவ்வொரு எண்ணையும் ஓர் அட்டவணைப்படி வகுத்து முழு எண்ணாக்குவார்கள். தரநிலையோடு வரும் மாதிரி அட்டவணையில் முதல் எண்ணுக்கான வகுத்தி 16. வகுத்தால் 26. ஒரு 26, ‘இனி எல்லாம் சைபர்’ என்று ஒரு குறி: முடிந்தது வானம்.

கண்ணிமை விழும் கட்டத்தில் இவ்வளவு சுலபமில்லை, 64 இடங்களிலும் ஏதாவது இருக்கும். அந்த அட்டவணையின் அழகு அங்கேதான் தெரியும். இடது மேல் மூலையில் 16, 11, 10 என்று சின்ன வகுத்திகள். வலது கீழ் மூலையில் 99. அந்த மூலைக்கு 40 வந்தால், 99-ஆல் வகுத்து முழு எண்ணாக்கும்போது சைபர். 60 வந்தால் 1. திரும்ப விரிக்கும்போது அது 99 ஆகிவிடும். பொய்தான். ஆனால் மிக நுண்ணிய நெளிவுகளில் சொல்லப்படும் பொய், கண் கண்டுகொள்ளாது. அட்டவணையில் உள்ள எண்கள் சூத்திரத்திலிருந்து வந்தவை அல்ல, மனிதக் கண்ணை வைத்துச் சோதித்துப் பெற்றவை.

டிசிடியின் தந்தை நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். 1972-ல் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இந்த ஆராய்ச்சிக்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை ரொம்பவும் எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டுக் கோடையில் சம்பளம் இல்லாமலே வேலையைத் தொடர்ந்தார். தன் மாணவர் டி. நடராஜனோடும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கே.ஆர். ராவோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரை நான்கே பக்கம்.

‘குவாலிட்டி 75’ என்றால் 75 சதவீதத் தரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பரவலாகப் புழங்கும் லிப்ஜேபெக் மென்பொருளின் கணக்கில் 50 என்றால் மாதிரி அட்டவணை அப்படியே. 75 என்றால் வகுத்திகள் பாதியாகும். 90 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. 100 என்றால் எல்லாமே 1. ஆகவே 90-ஐ 100 ஆக்கினால் பல படங்கள் இரு மடங்குக்கு மேல் உப்பும், கண்ணுக்குக் கூடுதலாக வருவது அநேகமாக ஒன்றுமில்லை. கை தேர்ந்தவர்கள் எண்ணை நம்ப மாட்டார்கள். நூறு சதவீத அளவில் வைத்து மாலை வானம் படிக்கட்டுபோல் உடைகிறதா, தலைமுடி ஓரத்தில் கொசு மொய்த்தாற்போல் புள்ளிகள் வருகிறதா என்று பார்ப்பார்கள். நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் குறை தேடுவது வீண் வம்பு.

ஸ்கிரீன்ஷாட், கோட்டுப்படம், லோகோ எல்லாம் பிஎன்ஜி-யின் ராஜ்யம். பக்கத்துப் பிக்சலையும் மேல் பிக்சலையும் வைத்து அடுத்ததை ஊகித்து, ஊகம் தவறிய அளவை மட்டும் எழுதிவைக்கும். துளியும் இழப்பில்லை. டிக்கெட் ஸ்கிரீன்ஷாட்டைப் போய் ஜேபெக்கில் சேமிப்பவர்களை என்ன சொல்வது!

பொறுமைசாலிகளுக்கு 2017-ல் கூகுள் வெளியிட்ட குவெட்ஸ்லி உண்டு. சாதாரண ஜேபெக்கையே தரும், ஆனால் 20 முதல் 30 சதவீதம் சிறிதாக. மெகாபிக்சலுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, கண் ஏமாறும் எல்லையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். பிரவுசிங் சென்டருக்கு ஆகாது.

ஜேபெக்கின் ஒரு நல்ல குணம், தப்பு செய்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்: படம் மங்கும், கட்டம் தெரியும். ஜேபிக்2 என்ற ஸ்கேன் சுருக்கம் அப்படியல்ல. ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே அச்சுக் குத்தும் வழியும் அதில் உண்டு. 2013-ல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் 14.13 ஆகிவிட்டன. எழுத்தில் மங்கல் இல்லை, பிசிறில்லை, பார்க்க அத்தனை சுத்தம். ஜெராக்ஸ் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. மூல ஆவணத்தை அழித்துவிட்டு ஸ்கேனை மட்டும் வைத்துக்கொள்ளும் வேலைக்கு ஜேபிக்2 கூடவே கூடாது என்று ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் பின்னர் விதித்தது.