பாப்பரசர் இறக்கி வைத்த முடி

கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா நெருங்கும்போது கொட்டாஞ்சேனைத் தெருக்களில் மஞ்சளும் வெள்ளையுமான கொடிகள் ஏறிவிடும். வத்திக்கான் கொடியின் வெள்ளைப் பாதியில், இரண்டு திறவுகோல்களுக்கு மேலே மூன்று அடுக்கு முடி ஒன்று உண்டு. அந்த மும்முடியைச் சூடிப் பதவியேற்ற கடைசிப் பாப்பரசர் ஆறாம் பவுல். அது 1963 ஜூன் 30. அடுத்த ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில், பேதுரு பேராலயத்தின் பீடத்தில் ஏழைகளுக்கான காணிக்கையாக அதை வைத்தார். அவருக்குப் பின், 2025இல் வந்த பதினான்காம் லியோ வரைக்கும், ஒருவரும் முடிசூட்டு விழா நடத்தவில்லை. முடியைத் துறந்தது சரியான முடிவு. எஞ்சிய முடிகளை உருக்காமல் வைத்திருப்பதும் சரியே. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட அந்த முடிகளை எதற்காக வைத்திருக்கிறோம் என்பதைத் திருச்சபை தெளிவாகச் சொல்லவில்லை. துறந்த பொருளை அரைகுறையாகத் துறந்திருப்பதே இந்த வழக்கத்தின் பெரிய குறை என்று கருதுகிறேன்.

இந்த முடிகளைக் காக்க வேண்டும் என்பதற்கு முதற்சான்று அவற்றின் வரலாறுதான். நடுக்காலத்து முடி ஒன்றுகூட இன்று இல்லை. 1797இல் தொலெந்தீனோ உடன்படிக்கையில் நெப்போலியன் சுமத்திய தண்டப்பணமும், மறுவருடம் உரோமைக்குள் நுழைந்த பிரெஞ்சுப் படையும் பழைய முடிகளைக் கல் வேறு பொன் வேறாக்கிவிட்டன. அதனால் 1800 மார்ச் 21ஆம் திகதி ஏழாம் பயஸ் வெனிஸ் நகரில் முடிசூடியபோது தலையில் ஏறியது காகிதக்கூழால் செய்த முடி. அதற்கு அந்நகரப் பெண்கள் தங்கள் நகைகளைக் கொடுத்து அழகு சேர்த்தார்கள் என்பது வரலாறு. காகித முடி சூடியதால் அவருடைய பதவியில் எள்ளளவும் குறையவில்லை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அதே பாப்பரசருக்கு நெப்போலியனிடமிருந்து ஒரு முடி பரிசாக வந்தது. எட்டுக் கிலோவுக்கு மேல் எடை, தலைக்குப் பொருந்தாத சிறிய அளவு, அடுக்குகளில் நெப்போலியனின் செயல்களைப் புகழும் புடைப்புச் சித்திரங்கள். உச்சியில் இருந்த மரகதம் பதின்மூன்றாம் கிரகோரியின் பழைய முடியிலிருந்து பறிபோன கல். கொள்ளையடித்ததையே கொடையாகக் கொடுத்து, அதைத் தலையில் சுமக்கச் சொன்ன அந்தப் பரிசைவிட, அரசும் திருச்சபையும் கைகோத்தால் என்ன நேரும் என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை. இவற்றை உருக்கிவிட்டால் பொன் மிஞ்சும், சாட்சி போய்விடும்.

இங்கே எழும் மறுப்பு பழையது, கனமானது. விற்று ஏழைகளுக்குக் கொடுத்தால் என்ன? பெத்தானியாவில் விலையேறிய தைலம் இயேசுவின் காலில் ஊற்றப்பட்டபோது யூதாஸ் கேட்ட கேள்விதான் இது. கேட்டவன் யூதாஸ் என்பதற்காகக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பாப்பரசர்களே அதற்குச் செவிகொடுத்திருக்கிறார்கள். இருபத்துமூன்றாம் யோவானுக்குப் பேர்காமோ மக்கள் முடி செய்ய முன்வந்தபோது, கற்களைப் பாதியாகக் குறைத்து மிச்சப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். ஆறாம் பவுல் 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்து, தமக்குக் கிடைத்த காரை அன்னை தெரசாவிடம் விட்டுச் சென்றார். அன்னை அதைப் பரிசுச் சீட்டுக்கு விட்டுப் பணமாக்கினார். கார் பணமானது, பணம் நோயாளிகளுக்குப் போனது. ஆறாம் பவுலின் முடியோ அமெரிக்கக் கத்தோலிக்கரின் கொடையுள்ளத்துக்கு நன்றியாக வாஷிங்டனுக்குப் போய், அமலோற்பவ அன்னை பேராலயத்தின் நிலவறையில் காட்சிப்பொருளாக இருக்கிறது. காரைப் போலவே முடியையும் விற்றிருக்கலாமே என்றால், என் விடை இதுதான்: விற்ற முடி ஒரு செல்வந்தரின் பெட்டகத்துக்குப் போயிருக்கும், அந்தப் பணம் ஒருமுறை செலவாகித் தீர்ந்திருக்கும். எவர் கண்ணுக்கும் படும்படி இருக்கும் வரைக்கும், ஒரு பாப்பரசர் இதை இறக்கி வைத்தார் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். காட்சிக்கு வைக்காமல் பூட்டி வைத்த முடிக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே யூதாஸின் கேள்வியே வெல்லும்.

குறை அங்கேதான் தொடங்குகிறது. வத்திக்கானில் மிஞ்சியவை எல்லாம் ஓரிடத்தில், முழு வரலாற்றோடு, மக்கள் பார்வைக்கு நிலையாக வைக்கப்படவில்லை. இன்னொரு பக்கம், ஜூன் 29 திருநாளில் பேதுருவின் வெண்கலச் சுரூபத்துக்கு மும்முடி இன்னும் ஏறுகிறது. பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2005இல் தம் சொந்த இலச்சினையில் மும்முடியை நீக்கி ஆயரின் தலைப்பாகையை வைத்தார். கொடியில் அது அப்படியே நின்றுவிட்டது. கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் பிரித்தானியர் கொண்டுபோன அரியணையும் முடியும் 1934இல் திரும்பிவந்து, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வழியில் வந்தவன், வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தவன். அவன் ஆட்சியைப் புகழ்வோரும் இகழ்வோரும் அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் நிற்கலாம். அந்த முடியை எவரும் இனி எவர் தலையிலும் வைக்கப்போவதில்லை. அதனாலேயே அதைப் பற்றி அச்சமின்றிப் பேச முடிகிறது. மும்முடிக்கும் அப்படியொரு தெளிவு வர வேண்டும்.

அப்படியானால் மடுத் திருத்தலத்து மாதாவின் முடியையும் இறக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பாப்பரசருக்கு ஒரு நீதி, மாதாவுக்கு இன்னொரு நீதியா? ஆம், வேறு நீதிதான். உரோமையின் அனுமதியோடு 1924 ஜூலை 2ஆம் திகதி மருதமடு அன்னைக்கு முடி சூட்டப்பட்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆடித் திருவிழா நடக்கிறது. பாப்பரசரின் மும்முடி மன்னர்களுக்கும் மேலான ஆட்சியைக் கோரியது. அதன் பின்னால் நிலமும் படையும் இருந்தன. மாதாவின் முடிக்குப் பின்னால் ஒரு சிப்பாய்கூட இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடியவர்களோடு ஓடிய சுரூபம் அது. 1999 நவம்பரில் அந்தத் திருத்தலத்தில் தஞ்சமடைந்திருந்த நாற்பதளவான மக்கள் ஷெல் விழுந்து இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில் திரும்பியது. அகதிகளோடு அகதியாக அலைந்தவளுக்கு மக்கள் சூட்டிய முடியை அதிகாரத்தின் அடையாளம் என்று கூறுவது அநியாயம்.

இருந்தும், இந்த விதிவிலக்கை எல்லாச் சுரூபங்களுக்கும் விரித்துவிடக்கூடாது. பங்குக்குப் பங்கு பவுண் கணக்கில் முடி செய்வது போட்டியாகிவிட்டால், 1964இல் பீடத்தில் இறங்கிய முடி நம் பீடங்களில் மறுபடி ஏறியதாகவே பொருள். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ நேர்த்திக்கடனாகப் பொன் கொடுக்க நினைப்பவர்களிடமும் பங்குச் சபைகளிடமும் கேட்பது இதுதான்: இருக்கும் முடிகளை அவற்றின் வரலாற்றோடு காப்பாற்றுங்கள், புதிய முடி செய்யாதீர்கள். வரும் பொன்னின் கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி, அதன் பெறுமதியை மன்னாரிலும் வன்னியிலும் போரில் குடும்பத்தை இழந்தவர்களுக்கு அனுப்புங்கள்.