வெளிச்சத்தைக் குறைத்து ஆடியவர்

2018 மார்ச் 4 அன்று, 'பிளேடு ரன்னர் 2049' படத்தின் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் மேடையேறியபோது ரோஜர் டீக்கின்ஸுக்கு வயது 68. அது அவருடைய 14-வது பரிந்துரை. அதற்கு முன் 13 முறை இறுதிப் பட்டியல் வரை வந்து, 13 முறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

வெறும் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், முக்கியமான ஆட்டத்தில் கோட்டை விடுகிறவர் என்றே தோன்றும். ஆனால் எதிரே நின்ற படங்களையும் பார்க்க வேண்டும். 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' தோற்றது 'லெஜண்ட்ஸ் ஆஃப் த ஃபால்' படத்திடம். 'ஃபார்கோ'வை 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' வென்றது. 'குந்துன்' வந்த ஆண்டில் போட்டிக்கு நின்றது 'டைட்டானிக்'. 'ஸ்கைஃபால்' வந்த ஆண்டில் 'லைஃப் ஆஃப் பை'. மலைச்சாரல், பாலைவனம், மூழ்கும் கப்பல், நடுக்கடலில் புலி. அருமையான படங்கள்தான், யாருடைய உழைப்பையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றின் அழகு திரையில் முன்னால் வந்து நிற்கும். டீக்கின்ஸின் அழகு கதைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

விருதுத் தேர்வு நடக்கும் விதத்திலேயே இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஒளிப்பதிவுக்கான ஐந்து பெயர்களை முன்மொழிகிறவர்கள் அகாடமியில் உள்ள ஒளிப்பதிவாளர்கள். அந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதோ நடிகர், எழுத்தாளர், தயாரிப்பாளர் என்று எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கலாம். அதாவது 13 முறை சக ஆட்டக்காரர்கள் அவரைக் களத்துக்கு அனுப்பினார்கள்; 13 முறையும் காலரி வேறு பக்கம் கைதட்டியது. அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் தனியாக வழங்கும் விருதில் 'ஷாஷாங்க்', 'தி மேன் ஹூ வாஸன்ட் தேர்', 'ஸ்கைஃபால்' மூன்றுக்கும் முதலிடம் கிடைத்திருக்கிறது. தொழில் தெரிந்தவர்களின் கணக்கு ஆரம்பம் முதலே வேறாக இருந்தது.

அதற்காக எல்லாத் தோல்வியையும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. 2007-ல் வெளிவந்த 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்', 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆண்டில் இரட்டைப் பரிந்துரை பெற்றார். வென்றது ராபர்ட் எல்ஸ்விட் படமாக்கிய 'தேர் வில் பி பிளட்'. சங்கமும் அந்த ஆண்டு எல்ஸ்விட் பக்கமே நின்றது. டீக்கின்ஸ் தன் வாக்குகளைத் தானே பிரித்துக்கொண்டார் என்று தோன்றலாம். எதிராளியும் அன்று உச்சத்தில் ஆடினார் என்பதுதான் நேர்மையான மதிப்பீடு.

இந்த ஆட்டத்துக்கான பயிற்சி ஸ்டுடியோவில் நடந்ததல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் டார்க்கி என்ற கடலோர ஊரில் 1949-ல் பிறந்தவர். தேசியத் திரைப்படப் பள்ளிக்கு முதலில் விண்ணப்பித்தபோது இடம் கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் வடக்கு டெவன் கிராமங்களைச் சுற்றி, அங்குள்ள மக்களின் அன்றாடத்தைப் புகைப்படம் எடுத்தார். அடுத்த முறை இடம் கிடைத்தது. படிப்பு முடித்தபின் ஆவணப்படங்கள். உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டி ஒன்றில் பங்கேற்ற படகில் ஒன்பது மாதம் கேமராவோடு கடலில் கிடந்தார். எரித்ரியப் போரைப் படம் பிடித்தார். இன்னொரு டேக் கேட்க முடியாத வேலை அது. இருக்கிற வெளிச்சத்தில், தானே கேமராவைப் பிடித்து, நடப்பதை நடக்கும்போதே எடுத்தாக வேண்டும். கதைப்படங்களுக்கு வந்த பிறகும் கேமராவைத் தானே இயக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை.

அவருடைய ஆட்டத்தை ஒரே காட்சியில் பார்க்க வேண்டுமானால் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்தின் ரயில் கொள்ளையைப் பார்க்கலாம். நள்ளிரவு, காடு, முகமூடிக் கொள்ளையர். இப்படியொரு காட்சிக்கு உயரமான கிரேனில் நிலவொளி போல விளக்கு கட்டுவது வழக்கம். டீக்கின்ஸ் அதைத் தொடவில்லை. எஞ்சின் முகப்பில் பொருத்திய ஒரு பெரிய விளக்கும், கொள்ளையர் கையிலிருக்கும் லாந்தர்களும்தான் ஏறக்குறைய மொத்த வெளிச்சமும். ரயில் வரும்வரை திரை கருத்தே கிடக்கிறது. பிறகு ஒளி மரங்களின் ஊடே நுழைய, நிழல்கள் தரையில் சக்கரமாய்ச் சுழல்கின்றன. தண்டவாளத்தோரம் நிற்கும் உருவங்கள் ஒரு கணம் தெரிந்து மறைகின்றன. பார்க்கிறவனுக்கு வயிற்றில் பயம் இறங்குகிறது; விளக்கு எங்கே இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை.

வெளிச்சத்தைக் கழிப்பது ஒரு பக்கம் என்றால், புதிய கருவிக்கு அஞ்சாதது இன்னொரு பக்கம். கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படப்பிடிப்பு நடந்தபோது மிசிசிப்பி கோடைப் பசுமையில் செழித்திருந்தது. இயக்குநர்களுக்கு வேண்டியதோ 1930-களின் காய்ந்த, பழுப்பேறிய மண். லேபில் ரசாயன முறையில் செய்து பார்த்த சோதனைகள் போதவில்லை. கடைசியில் முழு நெகட்டிவையும் டிஜிட்டலாக மாற்றி, வாரக்கணக்கில் உட்கார்ந்து பச்சையை வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்தார். 2000-ல் ஹாலிவுட்டுக்கு அது பெரிய துணிச்சல். இன்று டிஜிட்டல் கலர் கிரேடிங் இல்லாமல் ஒரு படம் வெளிவருவது அரிது.

அப்படியானால் 14-வது முறை எது மாறியது? டீக்கின்ஸ் மாறவில்லை என்பதே இந்த அலசலின் முடிவு. 'பிளேடு ரன்னர் 2049'-இல் லாஸ் வேகஸ் நகரம் ஆரஞ்சுப் புழுதியில் மூழ்கிக் கிடக்கிறது. வாலஸ் என்ற பாத்திரத்தின் அலுவலகச் சுவரில் தண்ணீரின் அலையொளி நெளிகிறது. தொழில் தெரியாதவருக்கும் நிறம் கண்ணில் அறைகிறது. ஆனால் உள்ளே இருப்பது பழைய கணக்குதான்: ஒரு காட்சிக்கு ஒரே ஒளி, அந்த ஒளிக்கு ஒரு காரணம், மற்றதெல்லாம் நிழல். இந்த முறை அந்தக் கணக்கு காலரிக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டாவது ஆஸ்கரைக் கொண்டுவந்த '1917' என்ற போர்ப்படம் பொறுமையின் ஆட்டம். முழுப் படமும் ஒரே ஷாட் போலத் தொடர வேண்டும். அதனால் வெளிச்சம் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் மாறவே கூடாது. மேகம் மூடிய வானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெயில் அடித்தால் கேமரா ஓடாது, ஒத்திகைதான். மேகம் வந்ததும் ஓட்டம். கேமரா பள்ளத்திலும் சேற்றிலும் கைமாறிப் போய்க்கொண்டிருக்க, வேனுக்குள் உட்கார்ந்து தொலைவிலிருந்தே அதைத் திருப்பிக்கொண்டிருந்தார் டீக்கின்ஸ். இரவில் எரியும் தேவாலயத்துக்கு மட்டும் அவர் வழக்கத்துக்கு மாறாகக் கொட்டித் தீர்த்தார்: சுமார் 2,000 விளக்குகளை அடுக்கிய ஒரு கோபுரம், தீயைப் போல ஏறி இறங்க டிம்மர்கள். அத்தனை விளக்குக்கும் திரையில் கிடைத்த பெயர் ஒன்றுதான், நெருப்பு.

2021-ல் பிரிட்டன் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. அதற்குப் பின் வந்த படம் சாம் மெண்டிஸ் இயக்கிய 'எம்பயர் ஆஃப் லைட்'. இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையில், பழைய திரையரங்கு ஒன்றைச் சுற்றி எடுத்தார்கள். போரோ எதிர்கால நகரமோ இல்லை. சாம்பல் நிறக் கடல், பாப்கார்ன் கவுண்டரின் மஞ்சள் வெளிச்சம், புரொஜெக்டர் அறையில் ஒரு மனிதர். டார்க்கியில் வளர்ந்த பையனுக்குப் பழக்கமான குளிர்கால வெளிச்சம். ஒளிப்பதிவாளர்கள் 16-வது முறையாக அவர் பெயரை முன்மொழிந்தார்கள். வாக்கெடுப்பில் ஒரு போர்ப்படம் வென்றது.