காத்திருக்க வேண்டாத தொடர்கதை

வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதியே காலம் தள்ளியவன் நான். கதாநாயகியை நள்ளிரவில் கிணற்றங்கரையில் நிறுத்திவிட்டுத் 'தொடரும்' போடுகிற வித்தை எனக்குப் பழக்கம். அடுத்த வாரம் பார்த்தால், அவள் தண்ணீர் இறைக்கத்தான் வந்திருப்பாள்! வாசகர்கள் மன்னித்தார்கள். ஏழு நாள் காத்திருந்ததில் அவர்களே மனத்துக்குள் ஒரு கதையை வளர்த்து மகிழ்ந்திருந்தார்கள் அல்லவா?

இணையத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியபோது எனக்கு எழுந்த சந்தேகம் இதுதான்: பெரும்பாலும் எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். காத்திருப்பே இல்லாத இடத்தில் பகுதி பிரிப்பது எதற்கு? பல தொடர்களில் இதற்கு விடை கிடையாது. ஒரு சினிமாவை இழுத்து நீட்டி, கத்தரித்து, ஒவ்வொரு துண்டின் நுனியிலும் ஒரு பிணத்தையோ துப்பாக்கியையோ கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். என் கிணற்றங்கரை வித்தைதான்.

2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வெளியான 'அயலி' வேறு ஜாதி. முத்துக்குமார் இயக்கியது, எட்டே பகுதிகள். வீரப்பண்ணை என்ற கிராமத்தில் பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் போகக் கூடாது. மீறினால் ஊர்த் தெய்வம் அயலி சீறுவாள் என்று கட்டுப்பாடு. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் பெரியவளானதை மறைத்துவிடுகிறாள்.

யோசித்துப் பாருங்கள். இந்த ரகசியத்தை ஒரு தடவை காப்பாற்றினால் போதாது. மாதந்தோறும் காப்பாற்றியாக வேண்டும். ஆபத்து தானாகவே திரும்பி வருகிறது. கதையே தவணை முறையில்தான் நடக்கிறது! இங்கே பிணம் தேவையில்லை. பாவாடையில் ஒரு துளிக் கறை போதும், நமக்கு மூச்சு நின்றுவிடும். தாய் குருவம்மாளாக வரும் அனுமோல், மகளுக்காகப் பயப்படுவதும் மகளைக் கண்டே பயப்படுவதுமாக இருக்கிறாரே, அந்த முகத்தை வர்ணிக்க எனக்கு இரண்டு அத்தியாயம் பிடித்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. முடிவை நெருங்க நெருங்க டைரக்டருக்கு நம்மீது நம்பிக்கை குறைந்து, பாத்திரங்கள் மேடைப் பேச்சில் இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் மௌனமே சொல்லிவிட்டதை மறுபடி எதற்கு உரக்கச் சொல்ல வேண்டும்?

ஐந்தாம் பகுதி முடிந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"அடுத்தது இருக்கே தாத்தா!" என்றாள் பேத்தி.

"இருக்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

அன்றிரவு, அந்தப் பெண் பிடிபடாமல் இருக்க வேண்டுமே என்று வெகுநேரம் புரண்டுகொண்டிருந்தேன்.