குளிரும் காந்த விகாரமும்

காந்தமேற்றப்படும் இரும்பு தன் நீளத்திற் சிறிது மாறுகின்றது. இதனை 1842ஆம் ஆண்டிற் கண்டறிந்தவர் யூல் என்னும் ஆங்கில அறிஞர். மூல நீளத்தில் எத்தனை பங்கு மாறிற்று என்பதே காந்த விகாரம். இரும்பில் அது பத்து இலட்சத்தில் ஓரிரு பத்துப் பங்கே. 1960களில் ஆராயப்பட்ட தேர்பியம், டிசுப்புரோசியம் என்னும் அருமண் உலோகங்களிலோ அது சில ஆயிரம் பங்கு.

ஆதலின் அருமண்ணே இரும்பினுஞ் சிறந்தது என எழுதிச் செல்வாருளர். எண் பிழையன்று, கூற்றே குறையுடைத்து. எவ்வெப்பநிலையில் என்னும் வினாவுக்கு அதில் விடையில்லை. அருமண் அணுவின் உள்ளோட்டு இலத்திரன் முகில் உருண்டை வடிவினதன்று. காந்தப் புலம் அதனைத் திருப்புங்கால் அயலணுக்கள் இடம்பெயர, உலோகம் நீளும். ஆயின், வெப்ப அலைவு மிகுந்தவிடத்து இவ்வொழுங்கு குலையும். தேர்பியம் ஏறக்குறைய 220 கெல்வினுக்குக் கீழும், டிசுப்புரோசியம் 90 கெல்வினுக்குக் கீழுமே இரும்பனைய காந்தத் தன்மை எய்துவன. பதுளையின் வெப்பநிலையோ 300 கெல்வினை அடுத்தது. ஈண்டு அவ்வாற்றல் வெளிப்படாது.

ஊவாத் தேயிலையின் மணமும் இத்தகையதே. யூலை முதற் செத்தெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றிற் கொய்த கொழுந்துக்கே அது சிறக்கும். அச்செடியின் மார்கழி மழைக் கொழுந்துக்கு அச்சிறப்பில்லை. செடி ஒன்றே, சூழல் வேறு.

அங்ஙனமாயின், குளிர் மிகுந்தோறும் விகாரம் மிகும் எனப் பொதுவிதி கூறலாமோ? அதுவுங் கூடாது. இவ்விரு உலோகங்களையும் இரும்போடு சேர்த்து, அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தார் 1970களில் ஆக்கிய தேர்பெனோல்-டி என்னுங் கலப்புலோகம், அறை வெப்பநிலையிலேயே ஆயிரம் பங்குக்கு மேல் நீளும். நீர் உறையும் நிலையை அடுத்த குளிரிலோ, அதன் உள்ளே காந்தம் விரும்பும் திசை மாறுதலால் அவ்விகாரம் குன்றத் தொடங்கும். ஆகவே, கடுங்குளிரில் இயங்கவேண்டிய கருவிகளுக்கு இரும்பு சேராத தேர்பிய டிசுப்புரோசியக் கலவையே ஏற்றது. ஒன்றுக்குத் துணையாகுங் குளிர் மற்றொன்றுக்கு இடையூறாதல் காண்க.

எனவே, வெப்பநிலை கூறாத விகார எண் பாதி உண்மையே. மாணவர் தம் ஆய்வேட்டில் அளவீட்டினருகே சூழ்நிலையையும் எழுதப் பழகுக. ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைக் கண்டு, ஆற்றலே இல்லையெனத் தீர்ப்பளிக்கும் நாமும் அப்பிழையையே செய்கின்றோம்.