சாதுவன் அறிந்த மொழி

ஏழு தீவுகளின் மேல் வாழ்கிறோம் என்பதை மும்பைத் தமிழராகிய நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. பம்பாய், மாகிம், பரேல், மசகாவ், வொர்லி, கொலாபா, சின்னக் கொலாபா எனக் கடல் பிரித்து வைத்திருந்த ஏழு நிலத்துண்டுகளை அணையிட்டும் மண் நிரப்பியும் ஒன்றாக்கிய பணி 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1845இல் மாகிம் கரைப்பாலம் திறக்கப்பட்ட பின்னரே இத்தீவு நகரம் பாந்திராக் கரையோடு கைகோத்தது. இன்று மாட்டுங்காவில் பேருந்து ஏறிச் சயானைக் கடந்து செம்பூரில் இறங்கும் நாம், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவிற்குச் சென்று சேர்கிறோம். கடலைக் காணாமலே கடல் கடக்கிறோம்.

நம் இல்லத்து இளைஞர்களோ கடலைத் தேடியே செல்கின்றனர். முதுகில் ஒரு பை, கையில் சிறு தொகை, முன்பின் அறியாதவரோடு பேசிப் பழகும் துணிவு ஆகிய மூன்றையும் கொண்டு அந்தமானிலும் இலட்சத்தீவிலும் தீவு விட்டுத் தீவு செல்கின்றனர். திரும்பி வந்ததும் அவர்கள் முதலில் சொல்வது பார்த்த இடங்களை அன்று. பெற்ற நண்பர்களையே சொல்கின்றனர். இது மேலை நாட்டார் கற்பித்த புதுப் பழக்கம் என்று பெரியோர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவ்வாறு சுளிக்குமுன், தீவுச் செலவையும் தீவில் கிடைக்கும் நட்பையும் பற்றி நம் பழைய காப்பியம் ஒன்று என்ன சொல்கிறது என்று நோக்குதல் நலம்.

அக்காப்பியம் மணிமேகலை. முப்பது காதைகள் கொண்ட இந்நூலின் 16ஆம் காதை ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’. தமிழ் மேடைகளில் இக்காதை எடுத்துரைக்கப்படும்போதெல்லாம் ஆதிரையின் கற்பே பேசப்படுகிறது. கணவன் கடலில் இறந்தான் என்று கேட்டு அவள் தீப்பாய்ந்ததும், தீ அவளைச் சுடாது குளிர்ந்ததும், கணவன் உயிரோடு மீள்வான் என்று வானொலி கூறியதும் விரித்துரைக்கப்படுகின்றன. கேட்போர் கண் கலங்குகின்றனர். ஆனால் சாத்தனார் இக்காதையில் மிகுந்த இடம் தந்திருப்பது தீக்கு அன்று. ஆதிரையின் கணவன் சாதுவன் ஒரு தீவில் நிகழ்த்திய உரையாடலுக்கே. அதனை நாம் பெரிதும் விட்டுவிட்டே படித்து வந்துள்ளோம். விட்ட பகுதியே நம் வாழ்வுக்கு மிக அணுக்கமான பகுதி என்பது இக்கட்டுரையின் கருத்து.

சாதுவன் சான்றோன் அல்லன். மனைவியைப் பிரிந்து கணிகை ஒருத்தியின் மனையில் வாழ்ந்தவன், சூதில் பொருளிழந்தவன். கைப்பொருள் தீர்ந்ததும் கணிகை அவனைப் புறக்கணிக்கிறாள். பின்னரே அவன் வணிகரோடு மரக்கலம் ஏறுகிறான். காற்று கலத்தை உடைக்க, ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு, ஆடையற்ற நாகர் வாழும் மலையின் கரையை அடைகிறான். அலையில் உழன்ற களைப்பால் ஒரு மரத்தடியில் உறங்கிவிடுகிறான். தனியே வந்தான், உடலில் தசையும் உடையான், நமக்கு நல்லுணவு என்று அங்குள்ளோர் அவனைச் சூழ்ந்து எழுப்புகின்றனர்.

இவ்விடத்தில் மற்றொரு புலவராயின் தெய்வம் ஒன்றைத் தோற்றுவித்து அவனைக் காத்திருப்பார். தெய்வங்களுக்குப் பஞ்சமே இல்லாத காப்பியம் இது. மணிமேகலா தெய்வம் கதைத் தலைவியை வான்வழியே தூக்கிச் சென்று தீவில் வைக்கிறது. ஆயினும் சாதுவனைக் காக்க எத்தெய்வமும் வரவில்லை. அவனுக்கு நாகர் மொழி தெரிந்திருந்தது, அவ்வளவே. அவன் அவர்கள் மொழியில் பேசியதும் கொல்ல வந்தவர் விலகி நிற்கின்றனர். தங்கள் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். இம்மொழியை அவன் எங்கே கற்றான் என்று புலவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பல மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்த துறைமுகம் புகார் என்பதைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். பொருளையும் நற்பெயரையும் இழந்த ஒருவனிடம் எஞ்சியிருந்தது, தன் ஊர்த் தெருவில் அயலாரோடு பழகிப் பெற்ற அந்த மொழி ஒன்றே. அதுவே அவன் உயிரை மீட்டது.

அடுத்து நிகழ்வதும் ஊன்றி நோக்கத்தக்கது. தலைவன் வந்தவனுக்கு இளம் பெண்ணையும் கள்ளையும் ஊனையும் அளிக்குமாறு ஏவுகிறான். தன்னிடம் உள்ளவற்றுள் சிறந்தவற்றை விருந்தாகத் தருகிறான். சாதுவன் மறுக்கவும் அவனுக்குச் சினம் எழுகிறது. பெண்ணும் உணவும் இன்றி உலகில் வேறென்ன பயன் என்று கேட்கிறான். பிறந்தவர் இறப்பதும் இறந்தவர் பிறப்பதும் உண்டு எனச் சாதுவன் கூற, அவன் நகைக்கிறான். உடலை விட்ட உயிர் வேறிடம் சென்று புகும் என்கிறாயே, அது எவ்வாறு என்று வினவுகிறான். நல்ல வினா அது. சாதுவன் நூல் எதனையும் மேற்கோள் காட்டுவதில்லை. உயிர் உள்ளபோது துன்பத்தை உணரும் உடல், உயிர் நீங்கியபின் வெட்டினும் சுடினும் உணராது என்பதையும், உடல் இங்கே கிடக்க உயிர் பல காதம் சென்று வருவதைக் கனவில் எவரும் காண்பர் என்பதையும் எடுத்துக் கூறுகிறான். கேட்பவனும் அறிந்த அனுபவத்திலிருந்தே விடை சொல்கிறான். மொழி அறிந்தான் என்பதன் முழுப்பொருள் இங்கேதான் விளங்குகிறது. அவர்கள் சொற்களை மட்டுமன்றி, அவர்கள் எதனைக் கொண்டு சிந்திப்பர் என்பதையும் அவன் அறிந்திருந்தான்.

இறுதியில் தலைவன் பணிகிறான். ஆயினும் முற்றிலும் பணியவில்லை. கள்ளையும் ஊனையும் விட்டால் எம்மால் வாழ இயலாது. எமக்கு இயன்ற அறத்தைக் கூறு என்கிறான். சாதுவனும் வற்புறுத்தவில்லை. கலம் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாது காத்தல், முதுமையால் இறந்த விலங்கின் ஊனன்றிப் பிறவற்றை உண்ணாமை ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்கிறான். சமயப் பரப்புதலை நோக்கமாகக் கொண்ட ஒரு காப்பியத்தில், எதிரில் நிற்பவன் வாழ்க்கைக்கு ஏற்ப அறத்தின் அளவைச் சுருக்கிச் சொன்ன இந்த நிதானம் வியப்புக்குரியது. நட்பு என்பது மற்றவனை நம்மைப் போல் ஆக்குவது அன்று. இருவரும் வாழத்தக்க ஓர் உடன்பாடு அது. பிரியும்போது தலைவன் நறுமண மரங்களையும் மெல்லிய ஆடைகளையும் பெரும் பொருளையும் அளிக்கிறான். அவை முன்னர்க் கலம் கவிழ்ந்து வந்து தங்களுக்கு உணவாகிப் போனவர்களின் உடைமைகள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் சாதுவன் ஊர் திரும்புகிறான்.

இக்காதையைப் போற்றுமிடத்து அதன் குறையையும் கூறாதிருத்தல் திறனாய்வு ஆகாது. நாகர் தலைவன் தன் துணையோடு இருந்த காட்சியைச் சாத்தனார் கரடியும் அதன் பிணவும் இருந்ததற்கு ஒப்பிடுகிறார். கடலோடிகளின் அச்சம் கற்பித்த படிமம் இது. அந்தமான் மக்களை நாய்முகத்தர், மனிதரைத் தின்போர் என்று மார்க்கோ போலோ எழுதியதும் இவ்வகையினதே. பின்னைய ஆய்வு அதனைப் பொய்யாக்கிவிட்டது. மேலும், கற்பிப்போன் எப்போதும் நம்மவன், கற்போர் எப்போதும் தீவினர் என்ற அமைப்பும் இக்கதையில் உண்டு. சாதுவன் நாகரிடமிருந்து பொருளைப் பெற்றான். கருத்தொன்றும் பெற்றதாகப் புலவர் காட்டவில்லை. ஆனால் அவன் பேசியது அவர்கள் தந்த மொழியில் அல்லவா? அந்தக் கடனைக் காப்பியம் எழுதாமல் விட்டுவிட்டது.

சாதுவன் கதையின் மறுபக்கத்தைக் காண ஆபுத்திரனிடம் செல்ல வேண்டும். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டு அங்குள்ளோர் பசி தீர்க்கக் கலம் ஏறுகிறான். காற்றின் காரணமாகக் கலம் மணிபல்லவத்தில் தங்குகிறது. அவன் கரையில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று கருதிக் கலம் இரவிலேயே சென்றுவிடுகிறது. ஆள் இல்லாத தீவு. உலகையே ஊட்டவல்ல பாத்திரம். உண்பதற்கு எவரும் இல்லை. தான் ஒருவன் மட்டும் உண்டு வாழ அவன் உடன்படவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான்.

கதை இத்துடன் முடியவில்லை. மறுபிறவியில் சாவக நாட்டு மன்னன் புண்ணியராசனாக அவன் அத்தீவுக்கு மீண்டும் வருகிறான். மணலில் புதைந்த தன் பழைய எலும்புகளையே காண்கிறான். அவனை விட்டுப்போனதை உணர்ந்து தேடித் திரும்பி வந்து, அவன் இறந்தமை கண்டு தாமும் உயிர்விட்ட ஒன்பது வணிகரின் எலும்புகளும் அங்கே கிடக்கின்றன. தீவின் காவல் தெய்வமாகிய தீவதிலகை அவனைப் புகழவில்லை. நீ உன் உயிரையும் கொன்றாய், உனக்காக இரங்கி வந்தவர் உயிரையும் கொன்றாய் என்ற கருத்தில் கடிந்துரைக்கிறாள். காப்பியத்தின் மிகக் கடுமையான இடங்களுள் இது ஒன்று. ஆபுத்திரனின் தியாகத்தையே நாம் மேடையில் பேசுகிறோம். கைவிட்டவர் திரும்பி வருவர் என்று சற்றுப் பொறுத்திருக்க அவன் அறியவில்லை என்பதைப் பேசுவதில்லை.

இரு கதைகளையும் அருகருகே வைத்தால் உண்மை ஒன்று புலப்படும். வெறுங்கையோடு கரையேறிய சூதாடி, மொழியால் மனிதரைப் பெற்றுப் பிழைத்தான். அமுதசுரபியோடு இறங்கிய அறவோன், மனிதர் இன்மையால் மாண்டான். தீவைத் தீவாக்குவது சூழ்ந்த நீர் அன்று; பேச ஒருவர் இல்லாத நிலையே.

நம் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு இதனோடு ஒப்பிடத்தக்கன. வட சென்டினல் தீவினர் வெளியாரை ஏற்பதில்லை. 1991 ஜனவரியில் மதுமாலா சட்டோபாத்யாய் என்னும் மானிடவியல் ஆய்வாளர் இடம்பெற்ற குழு அக்கரையை அணுகித் தேங்காய்களை நீரில் மிதக்கவிட்டது. தீவினர் அம்பைத் தவிர்த்து அவற்றை ஏற்றனர். மொழி அறியாமையால் நட்பு நீரின் விளிம்போடு நின்றது. அவர்களுக்கு நம்மால் நோய் பரவலாம் என்பதும் உணரப்பட்டுப் பின்னர் அத்தகைய செலவுகள் கைவிடப்பட்டன. 2018இல் அமெரிக்க இளைஞர் ஒருவர் தடையை மீறித் தம் சமயத்தைப் போதிக்கச் சென்று உயிரிழந்தார். எமக்கு இயன்றதைக் கூறு என்று கேட்கும் நிலைக்கு எதிரிலுள்ளோர் வருமுன்னரே முழு அறத்தையும் சுமந்து சென்றது அவர் பிழை. அழைப்பில்லாத இடத்தில் இறங்காதிருத்தலும் நட்பின் இலக்கணமே என்பதை முதுகுப்பை சுமக்கும் நம் இளைஞர் மனத்திற் கொள்ள வேண்டும்.

தீவுச் செலவு எல்லாருக்கும் விருப்பச் செலவாக இருந்ததும் இல்லை. கரும்புத் தோட்டக் கூலிகளாக 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவுக்கு நம்மவர் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு நம் பெண்டிர் பட்ட துயரைப் பாரதியார் பாடினார். அவர்களுக்கு முதுகில் பை இல்லை. பெயரெழுதிய ஒப்பந்தச் சீட்டே இருந்தது. ஆயினும் அவர்கள் ஆபுத்திரனைப் போல் மாளவில்லை. பிற மாநிலத்தவரோடும் பழகி, அவர்தம் மொழியைக் கற்றுக் கோயிலும் பள்ளியும் எழுப்பினர். 1926இல் சங்கமும் கண்டனர்.

மும்பைக்கு வந்த நம் முன்னோரும் இவ்வழியினரே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவியை அடைந்தோர், கோளி மீனவர் வாழ்ந்த கழிமுகக் கரையில் குடிசை கட்டினர். எழுத்தராகவும் கணக்கராகவும் வந்தோர் மாட்டுங்காவில் உணவகமும் கோயிலும் கண்டு, 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தையும் நிறுவினர். 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டார் மீது பகை மூண்டபோது அஞ்சிய குடும்பங்கள் பல. கடை அடைத்த நாளில் அடுத்த வீட்டு மராத்தி அம்மையாரிடம் மராத்தியில் பேச முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இருந்த வேறுபாட்டை அன்று வாழ்ந்த மூத்தோர் அறிவர்.

நாமோ இன்று தமிழ் காப்பதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறோம். வைக்கத்தான் வேண்டும், தாய்மொழியை இழந்தவன் பிறமொழியை நன்கு கற்பதில்லை. ஆனால் தமிழ் காப்பது என்பது அண்டையார் மொழியை அறியாதிருப்பது என்று பொருள்படுமாயின், நம் கையில் இருப்பது அமுதசுரபியேயாயினும் நாம் நிற்குமிடம் மணிபல்லவமே. தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்டலி சுமந்து தெருத்தெருவாகச் செல்லும் நம்மவர் இதனை நமக்கு முன்னரே உணர்ந்தவர்கள். அவர்கள் விலை கூறுவதும் நலம் விசாரிப்பதும் வாங்குவோர் மொழியில்.

எனவே, இனி ஆதிரை கதையைச் சொல்லுமிடத்துத் தீயோடு நிறுத்தாது, அத்தீவு வரை சென்று திரும்புவோம். நம் பிள்ளைகள் தீவுகளிலிருந்து நண்பர்களோடு மீளும்போது, அங்கே என்ன கண்டாய் என்று கேட்பதோடு, அவர்கள் மொழியில் எத்தனை சொல் கற்றாய் என்றும் கேட்போம். அதே வினாவை நம்மை நோக்கியும் கேட்டுக்கொள்வோம். நாம் இத்தீவில் கரையேறி மூன்று தலைமுறை ஆகிவிட்டது.