திருப்புறமா, திருப்புரமா?

நம் சங்க மலர்களில் ஊர்ப்பெயர் பற்றிக் கட்டுரை எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். 1956 நவம்பர் 1இல் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு போய்விட்டன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதன்பின் மலையாளிகள் நம் தமிழ்ப் பெயர்களைச் சிதைத்துவிட்டார்கள் என்பது அந்த முடிவு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கு இது சம்மதமில்லை. சிதைவில் பெரும்பங்கு, பிழைக்க வந்த நம்மவர்களின் கைங்கரியம்.

திருப்புறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெய்யாற்றின்கரை வட்டத்தில், பூவாறுக்குப் பக்கத்து ஊர். வந்தவாசிப் பக்கத்திலிருந்து கடைக்கு வந்து சேர்ந்த பையன் ஒருநாள் "திருப்புரம் சரக்கு ரெடி" என்று குரல் கொடுத்தான். சுமடு எடுக்கும் மலையாளி, "அண்ணாச்சி, புரம் அல்ல, புறம்" என்று சிரித்தார். "என்னங்க ஐயா வித்தியாசம், ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான் பையன். அவன் காதுக்கு ஒன்றுதான். வடதமிழ்நாட்டுப் பேச்சில் ரகரமும் றகரமும் கலந்துபோய் வெகுகாலமாகிறது. தொல்காப்பியம் பிறப்பியலில் றகரத்தை னகரத்தோடு ஓரிடத்திலும், ரகரத்தை ழகரத்தோடு வேறிடத்திலும் வைத்தது. அந்த வேற்றுமையை நாம் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிழைக்குப் பயந்து மனப்பாடம் செய்கிறோம். சுமட்டுக்காரர் அதை நாக்கிலேயே வைத்திருக்கிறார்.

பொருளும் வேறு. புரம் வடசொல், நகரம் என்று பொருள். புறம் நம் சொல், பக்கம் என்றும் வெளி என்றும் பொருள். புறம்போக்கு நிலம் என்கிறோமே, அந்தப் புறம். பார்த்திவசேகரபுரம், பத்மநாபபுரம், பாலராமபுரம் எல்லாம் அரசர் பேரிலோ தெய்வத்தின் பேரிலோ அமைந்தவை. 1888இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறமோ அருவியின் பக்கம். முன்னே அருவி, மலை போன்ற நிலத்தின் பேர் வந்து, நடுவில் ஒரு 'ப்' மிகுந்தால் பெரும்பாலும் அது புறம்தான். இவ்வளவு எளிய அடையாளம் இருந்தும், மலையின் பக்கமான மலப்புறத்தை நம் தமிழ் நாளிதழ்கள் 'மலப்புரம்' என்றே அச்சிட்டு வருகின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதைப் பார்த்துத் தமிழாக்கினால் வேறென்ன வரும்?

1979இல் இந்தப் பக்கம் ரயில் வந்தது. பெயர்ப்பலகையின் ஆங்கிலத்தைப் படித்து இறங்கும் நம்மவர் 'நெய்யாட்டின்கரா' என்கிறார். ஆங்கிலத்தில் இரண்டு 'டி' இருப்பதால் வந்த வினை. ஆறு போய் ஆடு வந்து நிற்கிறது! ஊர்க்காரர் 'ற்ற' என்பதை நுனிநாக்கை மேல்பல்லின் ஈற்றுக்குச் சற்று மேலே அழுத்தித் தெளிவாகச் சொல்கிறார். விளவங்கோட்டுத் தமிழரும் அப்படியே சொல்வார்கள். நம் பக்கத்தில் 'ஆத்து' என்கிறோம், மேடையில் ஏறினால் 'ஆற்ரு' என்கிறோம். இரண்டும் பழைய ஒலி அல்ல.

கடைசி எழுத்தின் கதை வேறு. தமிழில் கரை, விளை, தலை என்று ஐகாரத்தில் முடிவதை மலையாளம் கர, விள, தல என்று அகரமாக்கும். அது அந்த மொழியின் இயல்பு, சிதைவு என்று சொல்லக்கூடாது. நாம் தமிழில் எழுதும்போது அமரவிளை, இஞ்சிவிளை என்று ஐகாரம் போடுவதும் நியாயமே. இரண்டுக்கும் இல்லாமல் 'கரா', 'விளா' என்று நீட்டுவதுதான் யாருடைய வழக்கும் அல்ல. அமரவிளையைப் புதிதாக வந்த ஒருவர் 'அமர வில்லா' என்றார். அடுக்குமாடி விளம்பரம் போல இருந்தது. விளை என்றால் இந்தப் பக்கத்தில் தோப்பும் தோட்டமும் என்பது தெரிந்தால் அப்படி வருமா?

பாறசாலை விஷயத்தில் எதிர்த் திசைப் பிழை. காந்தளூர்ச்சாலை பழைய கல்விச்சாலை என்று படித்த உற்சாகத்தில், இங்கும் ஒரு பல்கலைக்கழகம் இருந்ததாக எழுதிவிடுகிறார்கள். 'சாலை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு கட்டக்கூடாது. கல்வெட்டு காட்டட்டும், ஒப்புக்கொள்வோம்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வீட்டுக்குள் நடப்பது. இங்கே மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை திருப்புறம் என்று சரியாகச் சொல்கிறது. "தமிழில் அப்படி இல்லை, புரம் என்று சொல்லு" என்று தகப்பனார் திருத்துகிறார். தமிழின் பேரால் தமிழ்ச்சொல் ஒன்று அந்த வீட்டில் அன்றைக்கே செத்துப்போகிறது. பிள்ளையை விட்டுவிடுங்கள் ஐயா, அதன் காது சரியாகத்தான் இருக்கிறது.

எல்லைக்கு அப்பால், மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள சிதறாலுக்கும் இதே கதி. ஆங்கிலம் பார்த்து 'சித்ரால்' என்கிறார்கள். எங்கள் சமண முனிவர்கள் வாழ்ந்த அந்தக் குன்றுக்குத் திருச்சாரணத்துமலை என்று பழம்பெயர். கழுகுமலைச் சமணக் கல்வெட்டுகளிலும் திருச்சாரணத்தார் வருகிறார்கள். சங்கம் அங்கே சுற்றுலா ஏற்பாடு செய்யுமானால் அழைப்பிதழில் இரண்டு பெயரையும் அச்சிடலாம். சிதறாலுக்கு வல்லின றகரம். அச்சகத்தில் கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.